பெட்டிக்கும் இதயத்துக்கும் நடுவே

(மாத்தளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நான் பேச வந்திருப்பது ஒரு கம்பியைப் பற்றி. தடிப்பு ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர். நீளம் அரை மீற்றருக்குச் சற்று அதிகம். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. மேசையில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கம்பியை நம்பித்தான் உலகெங்கும் இலட்சக்கணக்கான மனிதர்கள் இரவில் கண்ணயர்கிறார்கள். பேஸ்மேக்கர் என்ற இதயமுடுக்கியையும் இதயத்தையும் இணைக்கும் கம்பி அது. வைத்தியர்கள் அதை லீட் என்பார்கள். நோயாளர்கள் வயர் என்பார்கள். நான் கம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பேஸ்மேக்கர் வைத்த ஒருவரைக் கண்டால் நாம் என்ன கேட்கிறோம்? பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். பற்றரி எத்தனை வருஷம் வரும் என்று கேட்கிறோம். கம்பி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? கேட்பதில்லை. பெட்டி பழுதானால் அது தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. சிறிய வெட்டுப் போட்டு மாற்றிவிடலாம். கம்பி பழுதானால்? அது நாளத்துக்குள் ஓடி, இதயத்தின் உட்சுவரில் பதிந்து, ஆண்டுக்கணக்கில் தசையோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. அதை இழுத்தெடுப்பது உயிரோடு விளையாடும் வேலை. எளிதில் மாற்றக்கூடியது பெட்டி. மாற்றுவதற்கு அரியது கம்பி. அப்படியானால் நம் அக்கறை எதன்மேல் கூடுதலாக இருக்க வேண்டும்?

நான் இன்று உங்கள் முன் வைக்கும் கருத்து ஒன்றே ஒன்றுதான். இந்தக் கம்பியின் தரம் அது செய்யப்பட்ட நாளில் தெரியாது. ஒரு மனித உடலுக்குள் பத்து ஆண்டு உழைத்த பிறகே தெரியும். ஆகவே நல்ல கம்பி செய்ய நல்ல உலோகம் வேண்டும், நல்ல கை வேண்டும். அவற்றுக்கும் மேலாக, நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் நேர்மை வேண்டும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். மாணவர்கள் கூடவே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஒரு நாளைக்கு 1 இலட்சத்து 800. ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடி 68 இலட்சம். பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 37 கோடி. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதன் உள்ளே கிடக்கும் கம்பி வளைகிறது. ஒவ்வொரு முறை விரியும்போதும் நிமிர்கிறது. பத்து ஆண்டில் 37 கோடி வளைவு! வீட்டில் கிடக்கும் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இங்கும் அங்கும் வளைத்துப் பாருங்கள். இருபது தடவை தாங்குமா? முப்பது தடவை தாங்குமா? சூடேறி, வெளிறி, பட்டென்று ஒடிந்துவிடும். உலோகத்துக்கு வரும் இந்த நோய்க்குக் களைப்பு என்று பெயர். 37 கோடி தடவை வளைந்தும் களைக்காத ஒன்றைச் செய்ய வேண்டும். அதுவும் எங்கே? இரத்தம் எப்போதும் சூழ்ந்திருக்கும் உப்பு ஈரத்தில். அதுவும் எப்படி? நெஞ்சைத் திறந்து எண்ணெய் போட வழியில்லாமல், பழுது பார்க்க வழியில்லாமல்.

இந்தப் போராட்டம் எங்கே தொடங்கியது? 1958 ஒக்டோபர் 8 அன்று சுவீடனில், ஸ்டொக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா வைத்தியசாலையில். ஆர்னே லார்சன் என்ற 43 வயது மனிதரின் இதயம் அடிக்கடி நின்று நின்று போனது. சாவதற்கு விடமாட்டேன் என்று அவருடைய மனைவி எல்ஸ்-மரி, சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே செனிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் நெருக்கினார். எல்ம்க்விஸ்ட் இலத்திரனியல் பாகங்களைப் பிசினில் அமிழ்த்தி, சப்பாத்து மெழுகு டப்பாவையே அச்சாகக் கொண்டு கருவியை வார்த்தார். நெஞ்சைத் திறந்து, கம்பிகளை இதயத்தின் மேற்புறத்தில் தைத்தார்கள். உடலுக்குள் முழுமையாகப் பதித்த முதலாவது பேஸ்மேக்கர் அதுதான். அது எத்தனை நாள் ஓடியது தெரியுமா? சில மணி நேரம் மட்டுமே. அடுத்த கருவியும் அதிக காலம் நிலைக்கவில்லை.

தோற்றுவிட்டோம் என்று அவர்கள் மூட்டை கட்டினார்களா? இல்லை. தொலைபேசி வடம் செய்து பழகிய எரிக்சன் நிறுவனத்தின் அனுபவத்தை எல்ம்க்விஸ்ட் நாடினார். பேசுபவர் கையோடு சேர்ந்து ஓயாமல் வளையும் தொலைபேசி வடம் ஒடியாமல் இருக்கிறதே, அதன் இரகசியம் என்ன என்று பார்த்தார். மெல்லிய உலோகப் பட்டிகளை நூல்மேல் சுற்றினால் உலோகம் தாங்கும் என்று கண்டார். லார்சன் பிழைத்தார். வாழ்நாளில் 26 பேஸ்மேக்கர்கள் அவருக்குப் பொருத்தப்பட்டன. தமக்கு உயிர் கொடுத்த பொறியியலாளரும் சத்திரசிகிச்சை நிபுணரும் மறைந்த பிறகும் வாழ்ந்து, 2001இல் 86ஆவது வயதில் காலமானார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பட்ச் என்ற பொறியியலாளரும் வில்லியம் சார்டக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் இதே மதிலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி நன்றாக இருந்தது; கம்பி ஒடிந்தது. திரும்பச் செய்தார்கள், திரும்ப ஒடிந்தது. 1961 அளவில் சார்டக் ஒரு வழி கண்டார். நேர்க்கம்பியை விட்டார். பிளாற்றினமும் இரிடியமும் கலந்த கம்பியைச் சுருளாகச் சுற்றி, சிலிக்கோன் இறப்பருக்குள் வைத்தார். சுருள் வளையும்போது அதிலுள்ள கம்பியின் ஒவ்வொரு புள்ளியும் மிகமிகக் கொஞ்சமே முறுகுகிறது. வளைவின் பாரம் ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுவதும் பகிரப்படுகிறது. பத்து பேர் தோள் கொடுத்தால் தேரும் நகரும் என்பது, மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களுக்கு வடம் பிடித்த நம் ஊர்க் கைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சுருள்தான் இன்றுவரை இந்தத் தொழிலின் அடித்தளம். சுருளின் நடு வெறுமையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதற்குள் ஒரு மெல்லிய உருக்குக் கம்பியைச் செருகி, விறைப்பாக்கி, வைத்தியர் தாம் நினைத்த இடத்துக்குச் செலுத்தலாம். பிறகு உருக்குக் கம்பியை உருவிவிடலாம். நியூயோர்க்கில் சீமோர் ஃபர்மன் 1958இல் நாளத்தின் வழியாகவே இதயத்துக்குள் கம்பியைக் கொண்டுபோகலாம் என்று காட்டியிருந்தார். அந்த வழியும் இந்தச் சுருளும் சேர்ந்தபோது, நெஞ்சைப் பிளக்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லாமல் போயிற்று.

சரி, அந்தக் கம்பியை இன்று எப்படிச் செய்கிறார்கள்? வாருங்கள், மனத்தால் ஒரு தொழிற்சாலைக்குள் போய் வருவோம்.

முதலில் உலோகம். எம்.பி. 35 என். என்ற கலப்புலோகம் இந்தத் தொழிலின் உழைப்பாளி. நூற்றுக்கு 35 பங்கு நிக்கல், 35 பங்கு கோபாற்று, 20 பங்கு குரோமியம், 10 பங்கு மொலிப்டினம். துருவை எதிர்க்கும், களைப்பை எதிர்க்கும். ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதற்காக வெள்ளியை நடுவில் வைத்து, மேலே இந்த உலோகத்தைப் போர்த்தி இழுக்கிறார்கள். உள்ளே வெள்ளி கடத்துகிறது. வெளியே கலப்புலோகம் தாங்குகிறது. முடியளவு மெல்லிதாக இழுத்த இழைகள் பலவற்றைச் சேர்த்துச் சுருளாகச் சுற்றுகிறார்கள். ஏன் பல இழை? ஒன்று ஒடிந்தாலும் மற்றவை உயிரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்தது காவலி, அதாவது மேலுறை. சிலிக்கோன் இறப்பர் நம் தோட்டங்களில் வடியும் பாலிலிருந்து வருவதல்ல. சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. உடல் அதோடு சண்டை பிடிப்பதில்லை. ஆனால் மிருதுவானது, உராய்ந்தால் தேயும், கீறினால் கிழியும். பொலியூரித்தேன் உறுதியானது, வழுவழுப்பானது, மெல்லிய உறையாகப் போடலாம். அதற்கு வேறு நோய் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது நுனி. இதயத்தசையைத் தொடும் மின்வாய். நாளத்தின் வழியே உள்ளே போன கம்பி நழுவாமல் இருக்க நுனியில் சிறிய கொக்கிகள் வைப்பார்கள். அல்லது தசைக்குள் திருகி ஏறும் சின்னஞ்சிறு திருகுச்சுருள் வைப்பார்கள். தசையைத் தொட்டதும் உடல் அந்த இடத்தில் அழற்சியை உண்டாக்கும், வடு வளரும், இதயத்தை உசுப்பக் கூடுதல் மின்சாரம் வேண்டிவரும், பற்றரி விரைவில் தீரும். இதற்கு 1980களில் ஒரு விடை வந்தது. நுனிக்குள் ஒரு மில்லிகிராமிலும் குறைந்த டெக்ஸாமெதசோன் என்ற மருந்தை வைத்து, அது மெல்ல மெல்லக் கசியும்படி செய்தார்கள். அழற்சி அடங்கியது. ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில், ஒரு செக்கனின் ஆயிரத்தில் அரைப்பங்கு நேரத்தில், இதயம் துடிப்பது வழமையாயிற்று.

நான்காவது, பெட்டிக்குள் செருகும் முனை. ஒரு காலத்தில் ஆளுக்கொரு அளவாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்குள் போகாது. நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதுதான் பொருந்தவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? 1990களின் தொடக்கத்தில் 3.2 மில்லிமீற்றர் கொண்ட ஐ.எஸ். 1 என்ற சர்வதேச அளவு வந்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே அளவுக்கு இணங்கின. நோயாளியின் நலனுக்காக வியாபாரம் விட்டுக்கொடுத்த நல்ல தருணங்களில் அது ஒன்று.

இவற்றையெல்லாம் இணைப்பது யார்? தூசி வடிகட்டிய அறையில், முகத்தையும் தலையையும் மூடி, நுணுக்குக்காட்டியின் கீழ் குனிந்திருக்கும் தொழிலாளர்கள். லேசர் ஒளியால் பற்றவைப்பார்கள், நெரித்துப் பொருத்துவார்கள், சிலிக்கோன் பசையால் மூட்டுகளை அடைப்பார்கள், மின்னால் சோதிப்பார்கள், வாயுவால் கிருமி நீக்குவார்கள். இயந்திரம் எவ்வளவோ வந்துவிட்டது. இருந்தும் இந்தத் தொழிலில் மனிதக் கைக்கு இன்னும் இடமிருக்கிறது. ஒரு பற்றவைப்பில் ஒரு பிசகு. பத்து வருடம் கழித்து ஒரு மனிதர் வீதியில் மயங்கி விழுகிறார். அந்தக் கைக்கு எவ்வளவு பொறுப்பு!

ஐரோப்பியத் தரவிதிப்படி மாதிரிக் கம்பிகளை இறுக்கமாக வளைத்து வளைத்துச் சோதிப்பார்கள். உடல்பகுதி குறைந்தது 47,000 வளைவு தாங்க வேண்டும். பெட்டியோடு சேரும் பகுதி 82,000 வளைவு தாங்க வேண்டும். கேட்கப் பெரிய எண். ஆனால் நம் கணக்கை நினைத்துப் பாருங்கள். 47,000 துடிப்பு என்பது அரை நாள்கூட இல்லை! சோதனை வளைவு உடலுக்குள் உள்ள வளைவைவிடக் கடுமையானது என்பது உண்மைதான். ஆனாலும் ஆய்வுகூடத்து வளைவு வேறு, வாழ்க்கையின் வளைவு வேறு. இந்த இடைவெளியில்தான் பெரிய விபத்துகள் எல்லாம் நடந்தன. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது. பொலியூரித்தேன் 1970களின் இறுதியில் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். மெல்லிதாயிற்று, வழுவழுப்பாயிற்று என்றார்கள். சில ஆண்டு கழித்துச் சில வகைக் கம்பிகளில் உறை வெடித்தது. வெளியிலிருந்தும் வெடித்தது, உள்ளிருந்தும் அரித்தது. காரணம் என்ன? அந்நியப் பொருளைக் கண்ட உடலின் காவல் உயிரணுக்கள் ஐதரசன் பெரொட்சைட்டைச் சுரக்கின்றன. அது உறையை ஊடுருவி உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் கலப்புலோகத்தின் கோபாற்று அந்த வேதியியலைத் தூண்டிவிடுகிறது. உறை உள்ளிருந்தே சிதைகிறது. உறையும் நல்லது, உலோகமும் நல்லது. இரண்டும் சேர்ந்து உடலுக்குள் இருந்தபோது கெட்டன. எந்த மேசைச் சோதனை இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

இரண்டாவது. அவுஸ்திரேலியாவில் தோன்றிய டெலெக்ட்ரொனிக்ஸ் நிறுவனத்தின் அக்யூஃபிக்ஸ் என்ற கம்பி. இதயத்தின் மேலறையில் நிற்பதற்காக அதற்கு ஒரு கொக்கி வடிவம் கொடுத்து, அந்த வடிவம் குலையாமலிருக்க உள்ளே ஒரு சிறு கம்பியை வைத்தார்கள். மின்சாரம் கடத்தும் வேலை அதற்கு இல்லை. வடிவத்தைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. சிலருக்கு அது ஒடிந்து, உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, இதயத்தைக் கிழித்தது. 1994இல் எச்சரிக்கை வந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 45,000 பேர் அந்தக் கம்பியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா? எடுக்கப் போய் இறந்தவர்களும் உண்டு. வைத்திருப்பதிலும் ஆபத்து, எடுப்பதிலும் ஆபத்து. இப்படி ஒரு முடிவை ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவதைவிடக் கொடுமை வேறென்ன?

மூன்றாவது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியின் கம்பி. மெட்ரோனிக் நிறுவனம் 2004இல் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் என்ற கம்பியைக் கொண்டுவந்தது. தடிப்பு 2.2 மில்லிமீற்றர்தான். மெல்லிய கம்பி மெல்லிய நாளத்துக்கு இதம், வைத்தியர்கள் விரும்பினார்கள். 2 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் கடத்தி ஒடியத் தொடங்கியது. ஒடிந்த முனைகள் உரசி எழுப்பும் மின்சத்தத்தைக் கருவி இதயத்தின் அபாயத் துடிப்பு என்று எண்ணியது. விழித்துக்கொண்டிருக்கும் மனிதரை, பேசிக்கொண்டிருக்கும் மனிதரை, நலமாயிருக்கும் மனிதரை, மீண்டும் மீண்டும் அதிர்ச்சியால் அடித்தது.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். அந்தக் கோளாறை முதலில் உரத்துச் சொன்னது யார்? மினியாபொலிஸ் நகரின் இதய வைத்தியர் ரொபர்ட் ஹவுசர். முன்பு பேஸ்மேக்கர் நிறுவனம் ஒன்றைத் தலைமையேற்று நடத்தியவர். தொழிலை உள்ளிருந்து அறிந்தவர். தங்கள் வைத்தியசாலையில் பொருத்திய கம்பிகளின் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார். எது எப்போது பழுதாயிற்று, எப்படிப் பழுதாயிற்று என்று எழுதிவைத்திருந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய பழுதுகளே. ஆனால் இவ்வளவு சீக்கிரத்தில் வரக்கூடாத பழுதுகள். 2007இல் அவரும் தோழர்களும் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அந்தக் கம்பியின் விற்பனை நின்றது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொட்ட ஒரு பெரிய கதையின் முடிச்சை அவிழ்த்தது எது? ஒரு வைத்தியசாலையின் பதிவேடு! டென்மார்க் நாடு 1982 முதல் பேஸ்மேக்கர்களுக்கு நாடளாவிய பதிவேடு வைத்திருக்கிறது. சின்ன நாடு, ஆனால் அதன் கணக்கை உலகம் முழுவதும் படிக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாத்தளையில் ஒருவருக்கு இதயத் துடிப்புத் தளர்ந்தால் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகிறார். கம்பியோடு திரும்பி வருகிறார். எங்கே திரும்பி வருகிறார்? எல்கடுவைக்கு வருகிறார், இரத்தோட்டைக்கு வருகிறார், உக்குவளைக்கு வருகிறார். வந்து என்ன செய்கிறார்? தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். இறப்பர் பால் வெட்டுகிறார். ஏணி வைத்து மிளகு பறிக்கிறார். விறகு சுமக்கிறார்.

அந்தக் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கம்பி உடலுக்குள் நுழையும் இடம் காறை எலும்புக்கும் முதலாம் விலா எலும்புக்கும் அருகே. தோள் அசைய அசைய அந்த இடைவெளி நெருக்குகிறது. கம்பி நசுங்குவதற்கும் உறை தேய்வதற்கும் பேர்போன இடம் அது. அதனால்தான் தேர்ந்த வைத்தியர்கள் நெருக்கும் இடுக்கைத் தவிர்த்து, வெளிப்புறமாக உள்ள நாளத்தைத் தேடுகிறார்கள். வலதுகைக்காரருக்கு இடப்பக்கம் வைக்கிறார்கள். சரி. ஆனால் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு எது ஓய்ந்த கை? இரண்டு கையும் அல்லவா ஓடுகிறது! காலை முதல் மாலைவரை அந்தத் தோள்கள் எத்தனை ஆயிரம் முறை அசைகின்றன! கதிரையில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவரின் தோளையும் இந்தத் தோளையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

ஆகவே சொல்கிறேன்: எல்கடுவை மலையில் உழைக்கும் தோள் தரும் பாடம் மினியாபொலிஸில் கிடைக்காது, ஸ்டொக்ஹோமிலும் கிடைக்காது. இங்கேதான் கிடைக்கும். நாம் எழுதினால்தான் கிடைக்கும். கம்பி வைத்தவரின் பதிவில் வயது இருக்கட்டும், நோய் இருக்கட்டும்; தொழிலும் இருக்கட்டும். கொழுந்து எடுப்பவர், பால் வெட்டுபவர், மூட்டை தூக்குபவர் என்று தெளிவாக இருக்கட்டும். எந்தக் கையால், எத்தனை ஆண்டு என்று இருக்கட்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஏட்டிலிருந்து எழும் உண்மை, உலகின் எந்தப் பொறியியலாளரின் மேசைக்கும் போகத் தகுந்த உண்மையாக இருக்கும்.

சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். எழுதுவது இருக்கட்டும், இப்படிப்பட்ட கம்பியை நம் போன்ற நாடு செய்ய முடியுமா? ஏன் முடியாது! புவேர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு. அங்கே மலைப்பாங்கில் வில்லால்பா என்று ஒரு சிற்றூர். மெட்ரோனிக் நிறுவனத்தின் இதயக் கம்பிகள் அங்கே உருவாகின்றன. தீவு, மலை, சிற்றூர். நமக்குத் தெரியாத நிலமா அது?

இன்னும் அருகில் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். அங்கே வலியத்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமையில் செயற்கை இதய வால்வு ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். ஒரு வடிவம் தோற்றது. இன்னொரு வடிவம் தோற்றது. நீலமணித் தகடு வைத்துச் செய்த வடிவம் செம்மறியின் உடலுக்குள் உடைந்தது. நான்காவது வடிவமே தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதை உற்பத்தி செய்தது. இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வால்வைப் பெற்றிருக்கிறார்கள். தோற்ற வடிவங்களை அவர்கள் ஒளிக்கவில்லை. ஏன் உடைந்தது என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த எழுத்தின் மேல் நின்றுதான் நான்காவது வடிவம் எழுந்தது.

நம் நாட்டிலேயே பியகமையில், மோட்டார் வாகனங்களின் பாதுகாப்புப் பட்டிக்கும் காற்றுப்பைக்கும் உணரிகள் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். விபத்து நடக்கும் அந்த ஒரு கணத்தில் பிசகினால் உயிர் போகும் பொருள் அது. பிழையற்ற வேலைக்கு இந்த நாட்டின் கை தகுதியானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. மொரட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கிறார்கள். மாணவர்களே, அந்தக் கதவுகள் உங்களுக்காகவும் திறந்திருக்கின்றன. மாத்தளை இந்துக் கல்லூரியிலும் பாக்கியம் கல்லூரியிலும் பௌதிகவியலில் களைப்பு, தகைப்பு, மின்தடை என்று படிப்பவற்றைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். உங்கள் அப்பாயியின் நெஞ்சுக்குள் அந்தப் பாடம் துடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். கம்பியே வேண்டாம் என்று செய்துவிட்டால் என்ன? செய்திருக்கிறார்கள். ஒரு குளிகை அளவில், முழுக் கருவியையும் இதயத்துக்குள்ளேயே பதிக்கும் மைக்ரா என்ற பேஸ்மேக்கர் 2013இல் முதன்முதலில் மனிதருக்கு வைக்கப்பட்டது. சிலருக்கு அது பெரிய வரம். எல்லோருக்கும் அது விடையாகவில்லை. இரண்டு பக்கமும் ஒருங்கே துடிக்கவைக்க வேண்டிய தளர்ந்த இதயங்களுக்கும் இன்னும் பலருக்கும் கம்பியே துணை. விலையும் நமக்குச் சின்ன விஷயமில்லை.

கம்பியும் முடிந்த கதையல்ல. அது இன்னும் வளர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் புகழேந்தி விஜயராமன் என்ற இதய வைத்தியர் இருக்கிறார். இதயத்தின் இயற்கையான மின்பாதையையே தேடிப்போய், அங்கே கம்பியின் நுனியைப் பதித்து, இயல்பான துடிப்பைத் திரும்பப் பெறும் முறையை உலகெங்கும் வளர்த்தவர்களில் முன்னிற்பவர். அதற்கு உதவிய கம்பி எது? நடுவில் துளையே இல்லாத, 1.4 மில்லிமீற்றர்கூட இல்லாத மெல்லிய கம்பி. விறைப்பாக்கும் உருக்குக் கம்பி அதற்குள் போகாது. வெளியே ஒரு குழாய் அதை வழிநடத்தும். பழைய கம்பிதான், புதிய இடத்தில் புதிய உயிர் பெற்றது. ஆனால் புதிய இடம் என்றால் புதிய வளைவு. தசைச் சுவருக்குள் ஆழமாகத் திருகிய கம்பி இருபது ஆண்டு எப்படி நடந்துகொள்ளும்? அந்த விடையை இனி வரும் ஆண்டுகள்தான் எழுத வேண்டும். ஆண்டுகள் எழுதும், எழுதியதைப் படிக்க ஏடு வேண்டும்.

அன்பானவர்களே, ஏடு எழுதுவது மாத்தளைக்குப் புதிதா? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாய்வழியே காத்துவந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் அழிந்துவிடக்கூடாது என்று அஞ்சி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிக்குகள் கூடி ஓலையில் எழுதிய இடம் அது. நினைவை நம்பியிருந்தால் போயிருக்கும். எழுதினார்கள், நின்றது. இந்த மண்ணின் பெருமை அது. அந்தப் பெருமைக்கு உரிய வேலையைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

கம்பி வைத்திருப்பவர்களே, உங்களுக்கு வைத்தியசாலையில் கொடுத்த அட்டையை அலுமாரியின் அடியில் போடாதீர்கள். கம்பியின் பெயரும் இலக்கமும் அதில் இருக்கின்றன. உலகின் எந்த மூலையில் எச்சரிக்கை வந்தாலும் உங்களைத் தேடிவர அந்த இலக்கமே வழி. பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். கம்பியின் மின்தடை கூடினாலும் குறைந்தாலும், நீங்கள் உணரும் முன்பே கருவி அதைக் காட்டும். தலைசுற்றினால், மயக்கம் வந்தால், காரணமில்லாமல் அதிர்ச்சி அடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உடனே போங்கள்.

பிள்ளைகளே, வாசிக்கத் தெரியாத பெரியவர்களின் அட்டையை நீங்கள் வாசியுங்கள். ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: வைத்த நாள், வைத்த இடம், கம்பியின் பெயர், இலக்கம்.

வைத்தியர்களே, தாதியர்களே, கழற்றிய கம்பியைக் கழிவோடு போக விடாதீர்கள். அது சாட்சி. உற்பத்தியாளரின் ஆய்வுகூடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். ஏன் ஒடிந்தது என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். உங்கள் பதிவேட்டில் தொழில் என்ற ஒரு நிரலைச் சேருங்கள்.

பொறியியல் படிக்கப்போகும் இளைஞர்களே, நீங்கள் ஒருநாள் ஒரு கம்பியை வடிவமைக்கும்போது, அழகான வரைபடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய கம்பிகள் எப்படி ஒடிந்தன என்ற ஏட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். லார்சனின் முதல் கம்பியிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு முறிவை ஒளிக்காமல் எழுதியவர்களால் வந்தது. அந்த வரிசையில் இதுவரை மினியாபொலிஸின் ஏடு இருக்கிறது, டென்மார்க்கின் ஏடு இருக்கிறது, திருவனந்தபுரத்தின் ஏடு இருக்கிறது. கொழுந்து எடுக்கும் கையைப் பற்றிய ஏடு மட்டும் அந்த வரிசையில் இடம் பெற வேண்டியிருக்கிறது. அதை எழுதும் உரிமையும் கடமையும் நமக்கே உரியவை. நாளைக்குத் தொடங்குவோம்.